முதுகந்தண்டு

வீட்டுக்கு நடுத்தூண் எப்படியோ, அப்படியே உடம்புக்கு முதுகெலும்பு என்று கூறுவது உலக வழக்கு. இவ்வுவமை ஓரளவே பொருந்தும். தூண் அசையாது, வளையாது, ஒரே மரத்தாலோ ஒரே கல்லாலோ ஆனது. முதுகெலும்போ குனியும், நிமிரும், இருபுறமும் திரும்பும், பல துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்று அமைந்தது. தூணுக்கு வேண்டுவது உறுதி. சங்கிலிக்கு வேண்டுவது நெகிழ்ச்சி. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை. மாறான இரு பண்புகளும் ஓர் உறுப்பினிடத்தே ஒன்றுகூடி நிற்பதுதான் முதுகெலும்பின் தனிச்சிறப்பு.

இவ்வெலும்பு அடுக்கினை நம் முன்னோர் முதுகந்தண்டு என வழங்கினர். யோகநூலார் வீணாத்தண்டு என்றும் குறித்தனர். யாழின் தண்டு போல நீண்டு, நரம்புகளைத் தாங்கி நிற்பதால் இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. இத்தண்டின் அமைப்பு யாது? அது செய்யும் தொழில்கள் யாவை? அது முறை தவறி வளையுமாயின் நேர்வது என்ன? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அடுக்கின் அமைப்பு

முதுகந்தண்டு முள்ளெலும்புகள் என்னும் சிறிய எலும்புகளால் ஆனது. குழந்தைப் பருவத்தில் இவை 33 ஆக இருக்கும். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 என இவை மேலிருந்து கீழாக வரிசைப்பட்டு நிற்கும். அவற்றின் கீழுள்ள 5 எலும்புகள் வளர வளர ஒன்றாகக் கூடி, இடுப்புக் கூட்டின் நடுவே ஆப்புப்போலச் செருகி நிற்கும் முக்கோண எலும்பு ஆகின்றன. இறுதியிலுள்ள 4 சிறு எலும்புகளும் இணைந்து வால் எலும்பு ஆகின்றன. ஆதலின் வளர்ந்த மனிதனிடத்தில் எண்ணத்தக்க தனி எலும்புகள் 26 மட்டுமே.

முள்ளெலும்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போமாயின், அதன் முன்புறம் சிறிய உருளைபோல் தடித்திருப்பதைக் காணலாம். உடலின் பாரத்தைத் தாங்குவது இவ்வுருளையே. பின்புறத்தில் ஒரு வளைவு உண்டு. உருளைக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு துளை இருக்கும். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படும்போது இத்துளைகள் நேர்நேராக அமைந்து ஒரு நீண்ட குழாய் ஆகின்றன. வளைவிலிருந்து பின்னோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். முதுகின் நடுவே விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினால், வரிசையாகத் தட்டுப்படும் மேடுகள் இம்முள்களின் நுனிகளே. தசைகளும் நார்களும் பற்றிக்கொள்வதற்கு இம்முள்கள் பிடியாக உதவுகின்றன.

மேலே உள்ள எலும்புகள் சிறியன. கீழே செல்லச் செல்ல அவை பெருக்கின்றன. கழுத்தெலும்பு தலையை மட்டும் தாங்கினால் போதும். இடுப்பெலும்போ தலை, கை, மார்பு, வயிறு ஆகிய அனைத்தின் பாரத்தையும் தாங்க வேண்டும். பாரத்துக்கு ஏற்ற பருமன் என்னும் கட்டடக்கலை நுட்பம் நம் உடம்பிலேயே இருத்தலை நோக்குக.

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஏனையவற்றினும் வேறுபட்டவை. முதலெலும்பு வளையம் போன்றது. அதற்கு உருளைப் பகுதி இல்லை. மண்டையோடு அதன்மேல் அமர்ந்திருக்கின்றது. கிரேக்கர் புராணத்தில் வானத்தைத் தோள்மேல் தாங்கும் அட்லஸ் என்பவன் பெயரையே மேலைநாட்டு மருத்துவர் இவ்வெலும்புக்கு இட்டனர். நம் நாட்டில் இதற்குப் பெயரிட்டிருந்தால், உலகைத் தலையில் தாங்கும் ஆதிசேடன் பெயரை இட்டிருப்பர் போலும்! இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நீண்டு, முதலெலும்பின் வளையத்துக்குள் அச்சாணி போல நிற்கின்றது. ‘ஆம்’ என்று தலையை மேலும் கீழும் அசைக்கும்போது மண்டையோடு முதலெலும்பின்மேல் அசைகின்றது. ‘இல்லை’ என்று இருபுறமும் திருப்பும்போது முதலெலும்பு அச்சாணியைச் சுற்றித் திரும்புகின்றது. உடன்பாட்டுக்கு ஒரு மூட்டும் மறுப்புக்கு ஒரு மூட்டும் இயற்கை அமைத்துத் தந்துள்ளது.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. நெடுங்கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்புகள் ஏழேயாம். அவை ஒவ்வொன்றும் மிக நீண்டிருத்தலால் அதன் கழுத்து உயர்ந்தது. எண்ணிக்கை கூடியதால் அன்று.

இடையே அமைந்த தட்டுகள்

எலும்போடு எலும்பு நேரே உராயுமாயின் இரண்டும் தேய்ந்துவிடும். அது நேராவண்ணம், கழுத்தின் இரண்டாம் எலும்பு தொடங்கிக் கீழுள்ள முக்கோண எலும்பு வரை, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு தட்டு வைக்கப்பட்டுள்ளது. இத்தட்டுகள் மொத்தம் 23. ஒவ்வொரு தட்டின் வெளிப்புறமும் பல சுற்று நார்களால் பின்னப்பட்ட வளையமாக இருக்கும். அதன் நடுவே நுங்கு போன்ற கூழ்ப்பொருள் உண்டு. அதில் மிகுதியாக உள்ளது நீரே. நாம் குதிக்கும்போதும் ஓடும்போதும் உண்டாகும் அதிர்ச்சியை இத்தட்டுகள் வாங்கிக்கொண்டு, மூளைக்குச் செல்லாமல் தணிக்கின்றன.

பகல் முழுவதும் நாம் நிற்பதாலும் இருப்பதாலும் தட்டுகள் அமுங்கி, அவற்றிலுள்ள நீர் சிறிது வெளியேறுகின்றது. இரவில் படுத்து உறங்கும்போது நீரை மீண்டும் உறிஞ்சி அவை பழைய பருமனை அடைகின்றன. இதனால் காலையில் நம் உயரம் மாலையில் உள்ளதனினும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மிகுந்திருக்கும். நம்பாதவர் சுவரில் கோடிட்டு அளந்து காண்க. விண்வெளியில் மிதக்கும் வீரர்க்கு எடையின் அழுத்தமே இல்லையாதலால், அவர்களுடைய உயரம் 3 விழுக்காடு வரை கூடுகின்றது. மண்ணுலகிற்கு மீண்டபின் அவ்வளர்ச்சி மறைந்துவிடுகின்றது.

முறையற்ற வகையில் பெரும்பாரத்தைத் தூக்கும்போதோ முதுமையாலோ வெளிவளையம் கிழியுமாயின், உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தும். அப்போது இடுப்பிலிருந்து கால்வரை வலி ஓடும். ‘தட்டு விலகிவிட்டது’ என்று மக்கள் கூறுவது இந்நிலையையே. உண்மையில் தட்டு இடம்பெயர்வதில்லை; அதன் உட்பொருளே பிதுங்குகின்றது.

தண்டு செய்யும் தொழில்கள்

முதுகந்தண்டின் முதற்பணி உடலைத் தாங்குதல். மார்பின் பின்னுள்ள 12 எலும்புகளோடு 12 இணை விலா எலும்புகள் பொருந்தி நின்று இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. இரண்டாம் பணி அசைவு. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கிடையே உண்டாகும் அசைவு சிறிதே. ஆயினும் அச்சிறு அசைவுகள் அனைத்தும் கூடும்போது, நாம் குனிந்து காலைத் தொடவும் திரும்பிப் பின்னே நோக்கவும் முடிகின்றது. மூன்றாவதாக, இவ்வெலும்புகளின் உள்ளேயிருக்கும் செம்மச்சை குருதி அணுக்களை ஆக்கித் தருகின்றது.

இவை யாவற்றினும் சிறந்த பணி ஒன்று உண்டு. எலும்புத் துளைகளால் ஆன குழாய்க்குள்ளே தண்டுவடம் பாதுகாப்பாக இறங்குகின்றது. அது மூளையின் தொடர்ச்சி. சுண்டுவிரல் பருமன் உடையது. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுடையது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து, எலும்புகளின் இடைவெளி வழியே வெளிப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. மூளையின் கட்டளை கைகால்களுக்குச் செல்வதும், கைகால்களின் உணர்ச்சி மூளைக்குச் செல்வதும் இவ்வழியேதான். அரசனுடைய ஓலைகளைக் கொண்டுசெல்லும் பெருவழி எனத் தண்டுவடத்தைக் கூறலாம். சிலபோது ஓலை அரசனிடம் செல்லும்வரை அது காத்திருப்பதில்லை. சூடான பாத்திரத்தில் கை பட்டால், ‘சுடுகிறது’ என்று மூளை உணருமுன்பே கை விலகிக்கொள்கின்றது. அக்கட்டளையை இட்டது தண்டுவடமே.

தண்டுவடம் முதுகந்தண்டின் அடிவரை செல்வதில்லை. வளர்ந்தவர்க்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடுகின்றது. அதன்கீழ் நரம்புகள் மட்டும் குதிரைவால் மயிர்போலக் கற்றையாய்த் தொங்குகின்றன. முதுகிலிருந்து நீர் எடுத்து ஆராய வேண்டிய மருத்துவர் அப்பகுதியிலேயே ஊசியைச் செலுத்துவர். அங்குத் தண்டுவடம் இல்லையாதலால் அது குத்துப்படும் அச்சம் இல்லை. உடலின் அமைப்பை அறிந்தாலன்றி மருத்துவம் செய்தல் இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இயற்கையான வளைவுகள்

‘முதுகு நேராக இருக்க வேண்டும்’ என்று பெரியோர் கூறுவர். பின்னின்று பார்க்கும்போது முதுகந்தண்டு நேர்கோடாகவே இருத்தல் வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தாலோ அது நேராக இராது. நான்கு வளைவுகள் தோன்றும். கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கும். மார்புப் பகுதி பின்னோக்கி வளைந்திருக்கும். இடுப்பு மீண்டும் முன்னோக்கியும், அதன் அடிப்பகுதி பின்னோக்கியும் வளைந்திருக்கும்.

இவை நான்கும் பிறப்பிலேயே அமைந்தவை அல்ல. கருவில் சுருண்டு கிடந்த குழந்தை பிறக்கும்போது அதன் முதுகு ஒரே பின்வளைவாக இருக்கும். ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் குழந்தை தலையைத் தூக்கி நிறுத்தக் கற்கும்போது கழுத்தின் வளைவு உருவாகின்றது. பின்பு அது எழுந்து நின்று தளர்நடை பயிலும்போது இடுப்பின் வளைவு உருவாகின்றது. இவ்வளைவுகள் இல்லையாயின் தலையின் பாரம் இடுப்புக்கு நேராக விழாது. நாம் முன்னே சாய்ந்து விழுவோம். அன்றியும், வளைந்த வில் அதிர்ச்சியைத் தாங்குவது போல நேரான கோல் தாங்க மாட்டாது. ஆகவே அளவான வளைவு குற்றம் அன்று, குணமே ஆகும்.

முறை தவறிய வளைவுகள்

அளவு கடந்த வளைவும், இடம் மாறிய வளைவும் நோய் எனப்படும். அவை மூவகை. மார்புப் பகுதியின் பின்வளைவு மிகுவது கூன். இடுப்பின் முன்வளைவு மிகுவது முன்வளைவு. இதில் வயிறு முன்தள்ளி, இடுப்பின் பின்புறம் பள்ளமாகும். நேராக நிற்க வேண்டிய தண்டு வலமோ இடமோ சாய்ந்து வளைவது பக்கவளைவு. மருத்துவர் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர்.

கூன் பல காரணங்களால் உண்டாகும். முதுமையில், அதிலும் பெண்களுக்கு, எலும்பின் சத்துக் குறைந்து முள்ளெலும்பின் முன்புறம் நசுங்கிவிடுகின்றது. நசுங்கிய எலும்பு ஆப்பின் வடிவம் கொள்ள, முதுகு முன்னோக்கிக் கவிழ்கின்றது. கோலூன்றி நடக்கும் பாட்டியரின் கூனுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வளரும் பருவத்தினர் சிலர்க்கும் எலும்புகள் இவ்வாறு ஆப்பு வடிவாக வளர்வது உண்டு.

காசநோய்க் கிருமி முதுகெலும்பைத் தாக்கி அரிப்பதாலும் கூன் உண்டாகும். 1779 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர் இந்நோயை விளக்கி எழுதினார். அதனால் இன்றும் அது அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயினும் அதன் காரணம் அவர் காலத்தில் தெரியாது. 1882 இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின்னும் பல ஆண்டுகள் தக்க மருந்து இல்லாமையால், நோயாளர் மாதக்கணக்காகப் படுக்கையில் அசையாது கிடந்தனர். மருந்துகள் வந்தபின் நிலைமை மாறிற்று. சென்னைச் சேத்துப்பட்டில் 1956 இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உலகறியப் பணியாற்றியது. முதுகெலும்புக் காசநோயாளர் படுக்கையில் கிடவாமலே, மருந்தை முறையாக உண்டு நடமாடியவாறே நலம்பெற முடியும் என்பதனைச் சென்னையில் நடந்த ஆய்வுகளும் மெய்ப்பித்தன. முதுகுவலி பலநாள் நீடித்து, மாலைக் காய்ச்சலும் உடல்மெலிவும் சேருமாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பக்கவளைவு

மாணவர்காள்! மூன்றாவதாகிய பக்கவளைவைப் பற்றி நீங்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். அது பெரும்பாலும் வெளிப்படுவது உங்கள் வயதில்தான். 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்டவருள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவர்க்கு இவ்வளைவு உண்டு. சிறு வளைவு ஆண், பெண் இருபாலார்க்கும் ஏறத்தாழ ஒத்து வரும். வளைவு மிகுந்து பெருகுவதோ பெண்மக்களிடத்தே மிகுதி. உடல் விரைந்து உயரும் காலத்தில் வளைவும் விரைந்து வளரும். வளர்ச்சி நின்றபின் பெரும்பாலும் அதுவும் அடங்கும்.

இதன் காரணம் யாது? போலியோ முதலிய நோய்களாலும், பிறப்பிலேயே எலும்பு குறைபட அமைவதாலும் பக்கவளைவு நேர்வது உண்டு. ஆயினும் பெரும்பாலோர்க்குத் தனிக் காரணம் இன்னும் அறியப்படவில்லை. குடும்பவழி ஓரளவு தொடர்பு உண்டு என்பது மட்டும் தெளிவு. புத்தகச் சுமையாலோ, சாய்ந்து உட்கார்ந்ததாலோ இது வந்ததன்று. ஆகவே இந்நோயுற்ற பிள்ளையைக் குற்றஞ்சாட்டுதல் அறியாமை.

அவ்வறியாமையை யானும் ஒருமுறை செய்தேன். பல ஆண்டுகளுக்குமுன் எட்டாம் வகுப்பில் தமிழ் கற்பித்து வந்தேன். முதல் வரிசையில் ஒரு மாணவி எப்போதும் ஒருபுறம் சாய்ந்து அமர்ந்திருப்பாள். ‘நிமிர்ந்து உட்கார்’ என்று நாள்தோறும் கடிந்தேன். அவள் உடனே நிமிர முயல்வாள். சற்றுநேரத்தில் மீண்டும் சாய்வாள். சோம்பல் என்றே எண்ணினேன். ஒருநாள் செய்யுள் ஒப்பிக்கையில் அவள் சாய்ந்து நின்றதைக் கண்டு வகுப்பு நகைத்தது. யானும் அந்நகையைத் தடுத்திலேன். அவ்வாண்டு பொங்கலுக்குப் பாவாடை தைத்த அவள் தாய், எத்தனை முறை அளந்து தைத்தும் கீழ்விளிம்பு ஒருபுறம் தாழ்வதைக் கண்டு ஐயுற்று, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அவளுடைய முதுகந்தண்டு பெரிதும் வளைந்திருந்தது. ஓராண்டு முன்னரே கண்டிருந்தால் அறுவைக்கு இடமின்றிக் காத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் கூறினராம். ஆண்டு முழுவதும் அவளை நாள்தோறும் கண்டவன் யான். கண்டும் காணாதவன் ஆனேன். அறுவை முடிந்து மீண்ட அவளிடம் யான் மன்னிப்புக் கேட்டபோது, ‘நீங்கள் நிமிரச் சொன்னீர்கள் ஐயா, எனக்குத்தான் முடியவில்லை’ என்றாள். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. இப்பாடத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

யான் அன்று அறியாத அடையாளங்களை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். ஒரு தோள் மற்றதனினும் உயர்ந்திருத்தல். ஒருபுறத் தோள்பட்டை எலும்பு புடைத்திருத்தல். இடுப்பின் ஒருபுறம் மேலேறியிருத்தல். ஆடையின் விளிம்பு ஒருபுறம் தாழ்தல் ஆகியவை பக்கவளைவின் குறிகள். இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. 1865 இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் இதனை விளக்கினார். பாதங்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல், இரு கைகளையும் கூப்பித் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். பின்னின்று பார்ப்பவர்க்கு முதுகின் இருபுறமும் ஒரே மட்டமாகத் தோன்றினால் அச்சமில்லை. ஒருபுற விலா மேடிட்டுத் தோன்றினால் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். பக்கவளைவில் தண்டு வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றது; அதனோடு இணைந்த விலாக்களும் திரும்புவதால் அம்மேடு உண்டாகின்றது.

மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து வளைவின் கோணத்தை அளப்பர். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948 இல் எடுத்துரைத்த முறையே இன்றும் கையாளப்படுகின்றது. 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் அது பக்கவளைவு எனப்படும். வளரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக 25 பாகைக்குக் குறைந்தால் அவ்வப்போது அளந்து பார்த்துவருதலே போதும். 25 முதல் 45 பாகை வரையாயின், உடலைத் தழுவிப் பிடிக்கும் கச்சு அணிவிப்பர். அதனினும் மிகுந்தால் அறுவை பற்றி ஆராய்வர். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக எஃகுக் கம்பியைப் பொருத்தித் தண்டை நிமிர்த்தும் முறையை 1950களில் உருவாக்கி, 1962 இல் வெளியிட்டார். அதன்பின் வந்த முறைகள் இன்னும் திருந்தியவை.

கச்சினால் பயன் உண்டா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதனைத் தீர்த்தது. கச்சு அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேர்க்கு வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாது பார்த்து வந்தோருள் 48 பேர்க்கே அவ்வாறு நின்றது. நாளில் மிகுதியான நேரம் அணிந்தவர்க்குப் பயனும் மிகுதி. ஆனால் கச்சு வளைவைப் பெருகாது தடுப்பதேயன்றிப் பெருகியதை முற்றும் நிமிர்த்தாது. ஆகவே காலத்தே காணுதல் இன்றியமையாதது.

கூனும் குணமும்

முதுகு வளைந்தோரை உலகம் நடத்திய முறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னன் 1485 இல் போரில் மாண்டான். பின்னர் நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர் அவனைக் கூனனாகவும், சூம்பிய கையுடையவனாகவும், கொடியவனாகவும் தீட்டினார். உடலின் கோணல் உள்ளத்துக் கோணலின் அடையாளமாகக் காட்டப்பட்டது. 2012 இல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் அடியில் அம்மன்னனின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆராய்ந்த அறிஞர், அவனுக்கிருந்தது கூன் அன்று, பக்கவளைவே என்று கண்டனர். கையும் சூம்பியிருக்கவில்லை. அவ்வளைவு இளமைப் பருவத்தில் தோன்றியிருக்கும் என்றும், ஆடையாலும் கவசத்தாலும் எளிதில் மறைந்திருக்கும் என்றும் 2014 இல் எழுதினர். அவன் நல்லவனோ தீயவனோ அறியோம். அதனை அவன் முதுகெலும்பு கூறாது என்பதை மட்டும் அறிவோம்.

நம் இலக்கியத்தும் இராமகாதையின் மந்தரைக்குக் கூனி என்பதே பெயராயிற்று. அவள் செய்த தீமைக்கு அவள் நாவே காரணம். முதுகு என்ன செய்யும்? பாண்டியன் நெடுமாறன் சம்பந்தர் அருளால் கூன் நிமிரப் பெற்று, நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்பது சைவர் போற்றும் வரலாறு. கூனோடு இருந்தபோதும் நாட்டை ஆண்டவன் அவனே. யாப்பிலக்கணத்தில் அடியின் அளவுக்கு உட்படாது தனித்து நிற்கும் சீருக்கும் கூன் என்பதே பெயர். அது பாட்டுக்குப் பழுதாகாது. பொருளோடு பொருந்தி நின்று பாட்டுக்கு உதவுகின்றது. புலவர்தாமும் இளம்பிறையின் கூனலை அழகென்றே பாடினர். வானத்து வளைவை வியக்கும் நாம், வகுப்பில் உடனிருக்கும் தோழனின் வளைவை நகையாடலாமா?

முதுகைப் பேணுதல்

பக்கவளைவு நம் பழக்கத்தால் வருவதன்று எனினும், முதுகுவலியும் தளர்ச்சிக் கூனும் பழக்கத்தால் வருதல் கூடும். புத்தகப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்று 2020 இல் இந்திய அரசின் கொள்கை அறிவுறுத்தியுள்ளது. பையை ஒரு தோளில் தொங்கவிடாது இரு தோள்களிலும் மாட்டுக. நீர்க்குடத்தையோ மூட்டையையோ எடுக்கும்போது முதுகை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி அமர்ந்து, பொருளை உடலோடு அணைத்து எழுக. அப்போது தொடைத் தசைகள் பாரத்தை ஏற்கும்; இடுப்பின் தட்டுகள் பிழைக்கும். நெடுநேரம் ஒரே நிலையில் இராது இடையிடையே எழுந்து நடக்க. ஓட்டம், நீச்சல், சடுகுடு முதலியன முதுகுத் தசைகளை வலுப்படுத்தும். பாலும் கீரையும் கேழ்வரகும் எலும்புக்குச் சுண்ணச்சத்தை அளிக்கும். இளவெயில் அச்சத்தை உடல் ஏற்க உதவும். இளமையில் சேர்த்த எலும்பின் உறுதியே முதுமைக்கு வைப்புப் பொருளாகும்.

மாணவர்காள்! உங்கள் முதுகை நீங்கள் காண இயலாது. பிறர்தாம் காண இயலும். ஆகவே ஒருவர் முதுகை ஒருவர் கண்டு காத்தல் உங்கள் கடமை. தோழியின் தோள் ஒன்று தாழ்ந்திருந்தால் நகையாதீர். அவளிடமும், அவள் பெற்றோரிடமும், ஆசிரியரிடமும் அன்போடு கூறுங்கள். காலத்தே கூறிய ஒரு சொல் அறுவைக் கத்தியினின்றும் ஒரு குழந்தையைக் காக்கக்கூடும்.